பக்கத்து வீட்டு மக்சிக்கிடமிருந்து தொடங்கலாம்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்த தமிழர்களுக்கு

போன மாதம் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவான தேக்காவில் ஒரு தம்பியைச் சந்தித்தேன். வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. எந்த எம்ஆர்டி பெட்டியில் ஏறினால் இறங்கும்போது எஸ்கலேட்டர் பக்கத்தில் இருக்கும், எந்தக் கடையில் பொன்னி அரிசி மலிவு, சம்பளச் சீட்டில் சிண்டா என்ற இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்கு ஏன் பணம் பிடிக்கிறார்கள் என்பது வரை எல்லாம் தெரிந்துவைத்திருந்தார். "பக்கத்து வீட்டில் யார் இருக்காங்க?" என்று கேட்டேன். "யாரோ மலாய்க்காரங்கண்ணே. அவங்க சிரிப்பாங்க, நானும் சிரிப்பேன்" என்றார். அப்புறம் பேச்சு எங்கெங்கோ சுற்றி, "இது ராஜேந்திர சோழன் ஆண்ட ஊர்தானேண்ணே" என்று வந்து நின்றது.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. இருபது வருடத்துக்கு முன் நானும் அச்சு அசலாக அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். தேக்கா, கோயில், தமிழ்க் கடை, தமிழ் நண்பர்கள் என்று ஒரு வட்டத்துக்குள்ளேயே இங்கே முழு வாழ்க்கையையும் ஓட்டிவிடலாம். ஓட்டியவர்களும் இருக்கிறார்கள். இந்த மண்ணின் மக்கள் யார், அவர்களைப் பற்றி அவர்களிடமே எப்படிக் கற்பது, பிறகு வந்து சேர்ந்த நாம் அவர்களோடு எப்படி மரியாதையாகப் பழகுவது என்று அன்று அந்தத் தம்பிக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். வரிசைப்படிதான் செய்ய வேண்டும் என்றில்லை. ஆனால் முதல் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

படி 1: யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பூர்வகுடி என்றதும் நம் மனதில் காடும் மலையும்தான் வருகின்றன. சிங்கப்பூரில் பூர்வகுடியைச் சேர்ந்தவர் பன்னிரண்டாவது மாடியில் குடியிருப்பார். பேருந்து ஓட்டுவார், பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துவார், மருத்துவமனையில் உங்களுக்கு ஊசி போடுவார்.

நாட்டின் அரசமைப்புச் சட்டம் 152ஆம் பிரிவில் மலாய்க்காரர்களை சிங்கப்பூரின் பூர்வகுடி மக்கள் என்றே சொல்கிறது. அவர்களுடைய அரசியல், கல்வி, சமய, பொருளாதார, சமூக, பண்பாட்டு நலன்களையும் மலாய் மொழியையும் பேணி வளர்ப்பது அரசாங்கத்தின் பொறுப்பு என்றும் சொல்கிறது. சற்றுப் பின்னால் வரும் 153ஏ பிரிவில்தான் நம் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக வருகிறது. அதே பிரிவில் தேசிய மொழி மலாய் என்றும் இருக்கிறது. ஊருக்கு வீடியோ அழைப்பில் பேசும்போது நாம் தமிழ்ப் பகுதியை மட்டும் பெருமையாகச் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடுகிறோம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் வசிக்கும் குடிமக்கள், நிரந்தரவாசிகளில் மலாய்க்காரர்கள் 13.5 விழுக்காடு, சீனர்கள் 74.3, இந்தியர்கள் 9. சொந்த மண்ணில் சிறுபான்மையாக இருப்பது எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஈழத்துக் கதை தெரிந்த தமிழருக்கு இது ரொம்பக் கஷ்டமான பயிற்சி இல்லை.

இன்னும் கொஞ்சம் உள்ளே போவோம். பொதுவாக மலாய் என்று ஒரே சொல்லில் சொல்வதற்குள் ஜாவா, பாவேயன், பூகிஸ், மினாங்கபாவ் என்று பல வேர்கள் உண்டு. அவற்றோடு சேர்ந்து, அந்தச் சொல்லுக்குள் மறைந்து இருப்பவர்கள் ஓராங் லாவுட். ஓராங் என்றால் ஆள், லாவுட் என்றால் கடல். நம் நெய்தல் நிலத்துப் பரதவர்களைப் போலக் கடலை நம்பி வாழ்ந்தவர்கள். பலர் படகிலேயே பிறந்து படகிலேயே வளர்ந்தவர்கள்.

1819இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராஃபிள்ஸ் வந்து இறங்கியபோது இந்தத் தீவில் சுமார் 1000 பேர் இருந்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் தரும் கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் இந்தக் கடல் மக்கள்தாம். காலாங் ஆற்றில் ஓராங் காலாங், வடக்கே ஜொகூர் நீரிணையின் சதுப்பு நிலக் காடுகளில் ஓராங் சிலேத்தார், சிங்கப்பூர் ஆற்றுப் பக்கம் ஓராங் கெலாம், இன்றைய கெப்பல் துறைமுகப் பக்கம் ஓராங் சிலாட். ஆளரவமற்ற மீனவக் கிராமம் என்று கதை தொடங்குகிறவர்கள் இவர்களைத்தான் ஆளரவத்தில் சேர்க்காமல் விடுகிறார்கள். ஆங்கிலேயர் வந்தபின் ஓராங் காலாங் மக்களை ஜொகூரின் பூலாய் ஆற்றுக்கு அனுப்பினார்கள். அங்கே பெரியம்மை வந்து குடும்பம் குடும்பமாக இறந்துபோனார்கள். ஓராங் சிலேத்தார் இன்றும் நீரிணையின் அந்தப் பக்கம், ஜொகூர் பாரு கரையோரக் கிராமங்களில் வாழ்கிறார்கள். மலேசியா அவர்களைத் தன் 18 ஓராங் அஸ்லி, அதாவது பூர்வகுடி, இனங்களில் ஒன்றாக அங்கீகரித்திருக்கிறது. இந்தப் பக்கம் அவர்கள் பெயரில் ஒரு விமான நிலையமும் நீர்த்தேக்கமும் இருக்கின்றன.

ஒரு சின்னச் செய்தி: ஆகஸ்ட் 9 சிங்கப்பூரின் தேசிய நாள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐக்கிய நாடுகள் சபை உலகப் பூர்வகுடி மக்கள் தினமாகக் குறித்திருப்பதும் அதே ஆகஸ்ட் 9தான். வாணவேடிக்கைச் சத்தத்தில் இது யார் காதிலும் விழுவதில்லை.

படி 2: பெயர்ப்பலகைகளைப் படியுங்கள்

இதற்குக் காசும் வேண்டாம், நேரமும் வேண்டாம். பேருந்தில் உட்கார்ந்தபடியே செய்யலாம்.

புக்கிட் என்றால் குன்று. சுங்கை ஆறு. தஞ்சோங் நிலமுனை. தெலுக் விரிகுடா. புலாவ் தீவு. பாசிர் மணல். தானா மண். ஜாலான் சாலை. லோரோங் சந்து. இந்த ஒன்பது சொல் போதும், பாதிச் சிங்கப்பூர் உங்களோடு பேசத் தொடங்கிவிடும். தானா மேரா செம்மண், பாசிர் பாஞ்சாங் நெடுமணல். நம் ஊரில் ஆலங்குடி, பனையூர் என்று மரத்தின் பெயரில் ஊர்கள் இருப்பதுபோல் இங்கேயும் உண்டு. தெம்பினிஸ் என்ற மரத்திலிருந்து தெம்பனிஸ். கெலாம் மரத்திலிருந்து கம்போங் கிளாம். அந்த மரத்தின் பட்டையைப் படகுப் பலகைகளின் இடுக்கை அடைக்கப் பயன்படுத்தினார்கள்.

தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா இருக்கிறது. 1828க்கும் 1830க்கும் இடையில் நம் சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் கட்டியது. அதன் வாசலில் நின்று பாருங்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வானளாவிய கட்டடங்கள்தாம். ஆனால் தெருவின் பெயர் விரிகுடா. நாகூர்க்காரர்கள் கப்பலை விட்டு இறங்கி நன்றி சொல்லத் தர்கா கட்டியபோது அது கடற்கரையாக இருந்தது. பிறகு கடலைத் தூர்த்தார்கள். பெயர் மட்டும் மலாயில் பழைய கரையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

படி 3: தலைக்குள் ஏற்கெனவே இருப்பதைக் காலி செய்யுங்கள்

கஷ்டமான படி இதுதான். கற்றுக்கொள்வதைவிட மறப்பது சிரமம்.

முதலில் சோழன் கதை. 1025இல் ராஜேந்திரனின் கடற்படை, சுமாத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் துறைமுகங்களைத் தாக்கியது உண்மை. அது ஒரு படையெடுப்பு. அதை வைத்துக்கொண்டு இந்த ஊர் நம்முடையது என்று மலாய் நண்பரிடம் சொல்வது, ஆங்கிலேயர் ஒருவர் சென்னைக்கு வந்து "இது எங்கள் கோட்டைதானே" என்று சொல்வது போலத்தான். மலாய் அரச வரலாறுகளிலேயே கலிங்க தேசத்து அரசன் ராஜா சூரன், அவன் முன்னோன் ராஜா சூலன் என்றெல்லாம் கதைகள் உண்டு. அந்தக் கதையை அவர்கள் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், உறவுக்கதையாக வரும். நாம் சொன்னால் பட்டா கேட்பது போல வருகிறது.

அடுத்தது, அதைவிட மோசமானது. வந்த ஆறே மாதத்தில் யாராவது ஒரு தமிழர் உங்களிடம் குரலைத் தாழ்த்தி, "மலாய்க்காரங்க கொஞ்சம் சோம்பேறிங்க, ஜாலியா இருப்பாங்க" என்பார். நல்ல மனிதராகத்தான் இருப்பார். அவருக்கும் யாரோ சொன்னதுதான். இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று தேடியவர் சையது உசேன் அலாத்தாஸ். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் மலாய் ஆய்வுத் துறைத் தலைவராக இருந்தவர். 1977இல் வெளியான அவர் நூல் இதை நூற்றாண்டு நூற்றாண்டாகப் பின்தொடர்ந்து காட்டியது. விஷயம் எளிமையானது. மலாய்க்காரர்களுக்குச் சொந்தமாக வயலும் படகும் இருந்தன. வெள்ளைக்காரர் தோட்டத்தில் நாள் முழுக்கக் கங்காணியின் பிரம்புக்குக் கீழே நிற்க அவர்களுக்குத் தேவையும் இல்லை, விருப்பமும் இல்லை. அடிமாட்டுக் கூலிக்கு வர மறுத்தவனுக்குத் தோட்ட முதலாளி வைத்த பெயர் சோம்பேறி.

சரி, வர மறுத்தவர்களுக்குப் பதிலாகக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவரப்பட்டது யார்? நம் பாட்டன்மார்கள். அவர்களுக்கு அதே முதலாளிகள் வைத்த பெயர், சொன்னதைக் கேட்கும் அப்பாவிக் கூலி. இரண்டு பெயரையும் ஒரே கைதான் எழுதியது. அதில் ஒன்றை நாம் எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரர் மேல் ஒட்டுவது எப்பேர்ப்பட்ட வேடிக்கை என்று நினைத்துப் பாருங்கள். அடுத்த முறை யாராவது குரலைத் தாழ்த்தினால், சண்டை போட வேண்டாம், இந்தக் கதையைச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து இரண்டு பேராவது அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வசைச்சொற்களையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். நம்மைக் 'கெலிங்' என்று யாராவது சொன்னால் எப்படிச் சுருக்கென்று இருக்கிறது? அதேபோல் 'சக்காய்' என்ற சொல் ஓராங் அஸ்லி மக்களைக் குத்தும். பழைய புத்தகங்களில் இருக்கும். படித்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

படி 4: கொஞ்சம் மலாய், சரியான முறைப்பெயர்

நம் ஊரில் அறிமுகமில்லாத பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோமா? மாட்டோம். இங்கேயும் அப்படித்தான். அப்பா வயதுக்காரர் பக்சிக், அம்மா வயதுப் பெண் மக்சிக். அண்ணன் போன்றவர் அபாங், அக்கா போன்றவர் காக். சின்னவர்கள் அடிக். ஆங்கிலத்தில் மிஸ்டர், மேடம் என்பதைவிட ஒரு பக்சிக், ஒரு மக்சிக் எவ்வளவு தூரம் போகும் என்பதை நீங்களே பார்ப்பீர்கள். முகம் மலர்வது தெரியும்.

அப்புறம் நான்கு சொற்கள். சலாமாட் பாகி, காலை வணக்கம். அப்பா கபார், என்ன சேதி. தெரிமா காசே, நன்றி. மாஆஃப், மன்னிக்க வேண்டும். உச்சரிப்பு தப்பினால் சிரிப்பார்கள், திருத்துவார்கள். அதுதான் முதல் பாடம், ஆசிரியரும் கிடைத்துவிட்டார்.

மலாய் நமக்கு அத்தனை அந்நியமும் இல்லை. கடைக்கு அவர்கள் சொல்வது கெடாய். கப்பல் கப்பால்தான். கட்டில் காத்தில், பெட்டி பெத்தி, முதல் போடுவது மொடால், சுருட்டு செருத்து. குளம் கோலாம் ஆகிவிட்டது. எங்கள் புளோக்கில் ஒரு பக்சிக்கிடம் இந்தப் பட்டியலைச் சொன்னபோது, "அப்படியானால் எங்கள் வார்த்தைகளை நீங்கள் எப்போது திருப்பித் தருவீர்கள்?" என்று கேட்டுச் சிரித்தார். பதில் சொல்ல யோசித்தேன். கம்போங், பசார் எல்லாம் நம் சிங்கப்பூர்த் தமிழில் இருக்கின்றனவே என்றேன். "சரி, கணக்கு நேர்" என்றார்.

முன்ஷி அப்துல்லாவையும் தெரிந்துகொள்ளுங்கள். மலாக்காவில் பிறந்தவர், அரபு, தமிழ் வம்சாவளி, சிறுவயதில் தமிழும் படித்தவர். ராஃபிள்ஸிடம் எழுத்தராக இருந்தார். பலருக்கு மலாய் கற்பித்ததால்தான் ஆசிரியர் என்று பொருள்படும் முன்ஷி என்ற பட்டம். நவீன மலாய் உரைநடையின் முன்னோடி என்று அவரைத்தான் சொல்கிறார்கள். தமிழ் வேர் உள்ள ஒருவர் மலாயை எந்த அளவுக்குத் தன்னுடையதாக்கிக்கொள்ள முடிந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

முறையாகப் படிக்க வேண்டுமென்றால் சமூக மன்றங்களில் பேச்சு மலாய் வகுப்புகள் நடக்கும். மன்றத்தில் நேரில் போய்க் கேளுங்கள்.

படி 5: வாசலைத் தாண்டுவது

இங்கே நான் செய்த தப்பைச் சொல்லியே ஆக வேண்டும்.

பிடோக்கில் வாடகை வீட்டில் இருந்தபோது முதல் தீபாவளி. பக்கத்து வீட்டு மக்சிக்குக் கொடுக்கலாம் என்று ஒரு எவர்சில்வர் தூக்கில் கோழிக் குழம்பு, மேல் தட்டில் முறுக்கு. மணக்க மணக்கக் கொண்டுபோய் நீட்டினேன். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, தெரிமா காசே என்று மூன்று முறை சொன்னார். கோழி எந்தக் கடையில் வாங்கியது என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் மகள் லிஃப்டில் வைத்து, ரொம்பத் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அங்கிள், அம்மா சங்கடப்படுகிறார். நாங்கள் ஹலால் இல்லாத கோழி சாப்பிட மாட்டோம். உங்களிடம் சொன்னால் மனம் வருத்தப்படும் என்று சொல்லாமல் இருந்தார்." தரை பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

அன்று மாலையே போய் மாஆஃப் சொன்னேன். மக்சிக் கையை வீசி அதைத் தள்ளிவிட்டு, என் தூக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். கனமாக இருந்தது. திறந்தால் உள்ளே குவே என்ற பலகாரம், பச்சை நிறத்தில், தேங்காய்த் துருவலோடு. வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாது என்று என் அம்மா சொல்வார். அந்த மக்சிக்கின் அம்மாவும் அதையே சொல்லியிருக்கிறார்.

ஆகவே, மலாய் வீட்டுக்கு உணவு கொண்டுபோவதாக இருந்தால் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் ஹலால் முத்திரை உள்ள, பிரிக்காத பொட்டலமாகக் கொண்டுபோங்கள். பழமும் நல்லது. வீட்டில் சமைத்ததைக் கொடுக்க ஆசையாக இருந்தால் முதலில் கேளுங்கள். சில குடும்பங்கள் வாங்கிக்கொள்ளும், சில வாங்கிக்கொள்ளாது. அது உங்கள் கைப்பக்குவத்தின் மேல் வரும் தீர்ப்பு இல்லை.

மற்றவை சுருக்கமாக. செருப்பை வெளியே விடுங்கள், இதை உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். கொடுப்பதும் வாங்குவதும் வலக்கையால், இதையும்தான். சலாம் செய்யும்போது இரண்டு கைகளாலும் மென்மையாகத் தொட்டு, கையை நெஞ்சுக்குக் கொண்டுபோவார்கள். எதிர்ப்பாலரிடம் நீங்களாகக் கை நீட்டாமல், நெஞ்சில் கை வைத்துத் தலையசையுங்கள். எதையாவது காட்டும்போது ஆள்காட்டி விரலை நீட்டாமல் வலது கட்டை விரலால் காட்டுவது அவர்கள் நாகரிகம். பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் குறுக்கே போக நேர்ந்தால் கொஞ்சம் குனிந்து போங்கள்.

நோன்புப் பெருநாளுக்கு அழைத்தால் கண்டிப்பாகப் போங்கள். ஒரு நாள் விருந்து இல்லை அது, மாதம் முழுக்க ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருவார்கள். சலாமாட் ஹரி ராயா என்று சொல்லுங்கள். கூடவே அவர்கள் சொல்லும் மாஆஃப் சாஹிர் டான் பாத்தின் என்ற தொடரைக் கவனியுங்கள். வெளிப்படையாகவும் மனத்துக்குள்ளும் செய்த பிழைகளுக்கு மன்னிப்பு வேண்டுவது. பேரப்பிள்ளைகள் தாத்தா முன் மண்டியிட்டு இதைச் சொல்வதைப் பார்த்தால் உங்களுக்கே ஒரு மாதிரி ஆகிவிடும். புளோக்கின் கீழ்த்தளத்தில் கல்யாணம் நடந்து கொம்பாங் பறைகள் முழங்கினால், சத்தம் என்று சலித்துக்கொண்டு சன்னலை மூடாதீர்கள். அழைப்பு இருந்தால் இறங்கிப் போங்கள். வெற்றிலைத் தட்டு வைத்திருப்பார்கள். தாம்பூலம் கொடுத்துச் சம்பந்தம் பேசும் நமக்கு அது விளக்கம் இல்லாமலே புரியும்.

படி 6: போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள்

கம்போங் கிளாமுக்குப் போகிறவர்கள் சுல்தான் பள்ளிவாசல் முன் படம் எடுத்துக்கொண்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் மஞ்சள் நிற அரண்மனையைப் பாருங்கள். ஆங்கிலேயரோடு 1819 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட சுல்தான் உசேன் ஷாவின் வாரிசுகள் 1999 வரை அங்கே குடியிருந்தார்கள். பிறகு அது மலாய் மரபுடைமை நிலையமாகியது. ஃபோர்ட் கேனிங் குன்றுக்குப் பழைய பெயர் புக்கிட் லாராங்கான், தடை செய்யப்பட்ட குன்று. அங்கே பழைய சிங்கப்பூரின் கடைசி அரசர் என்று சொல்லப்படும் இஸ்கந்தர் ஷாவின் பெயரால் ஒரு கிராமாட் இருக்கிறது. கிராமாட் என்பது புனிதமாகப் போற்றப்படும் அடக்கத்தலம். குரலைத் தாழ்த்திக்கொண்டு போங்கள்.

ஆனால் எனக்கு ஒரே ஒரு இடம்தான் சொல்ல அனுமதி என்றால் லாப்ரடார் பூங்காவின் கரையைச் சொல்வேன். சாயங்காலம் போங்கள். எதிரே எண்ணெய்க் கலன்களும் புகைபோக்கிகளுமாகத் தெரிவது புலாவ் புக்கோம். அதற்கும் தெற்கே, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாத தூரத்தில், புலாவ் செமாக்காவ். ஒரு காலத்தில் கடல் மேல் கால் ஊன்றிய மரவீடுகள், கோலேக் படகுகள், மீன்பொறிகள், வாயாடும் பாட்டிகள் இருந்த தீவு. 1970களிலும் அதற்குப் பின்னும் தெற்குத் தீவுகளின் மக்கள் ஒவ்வொருவராக நிலப்பகுதியின் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். செமாக்காவையும் பக்கத்திலிருந்த சாக்கேங் தீவையும் 7 கிலோமீட்டர் கல்சுவரால் வளைத்து 1999இல் குப்பைக் கிடங்காகத் திறந்தார்கள். உங்கள் வீட்டு அடுப்படியில் குப்பை போடும் குழாய் இருக்கிறதே, அதில் நேற்று நீங்கள் போட்டது எரிக்கப்பட்டு, சாம்பலாகப் படகில் ஏறி அங்கேதான் போகிறது. சிறிய நாடு, வேறு இடமில்லை என்பது உண்மை. கிடங்கைச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள், சதுப்பு மரங்கள் தழைத்திருக்கின்றன என்பதும் உண்மை. யாருடைய பிறந்த ஊர் அது என்று தெரிந்து குப்பையைக் கட்டுவது வேறு மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான்.

செமாக்காவிலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளைகள் 2020இல் ஓராங் லாவுட் எஸ்ஜி என்ற பெயரில் தங்கள் பாட்டிகளின் தீவுச் சமையலை விற்கத் தொடங்கினார்கள். இப்போது கதைகள், நடைப்பயணங்கள், கண்காட்சிகள் என்று விரிந்திருக்கிறது. அவர்கள் நடத்தும் நிகழ்ச்சி எதற்காவது கட்டணம் கொடுத்துப் போங்கள். கட்டணம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கீழே சொல்கிறேன்.

தெற்குத் தீவுகளுக்கே போக ஆசை என்றால் மரினா சவுத் படகுத்துறையிலிருந்து செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் படகு உண்டு. பழைய பெயர் புலாவ் சாக்கிஜாங் பெண்டெரா. 1874இல் அங்கே தனிமைப்படுத்தும் நிலையம் வந்தது. கப்பலில் வந்த நம்மவர்கள் பலர் சிங்கப்பூர் மண்ணை மிதிப்பதற்கு முன் அங்கேதான் காத்துக் கிடந்தார்கள்.

படி 7: கேட்கும் முறை

அவர்களைப் பற்றிப் படிப்பதற்கும் அவர்களிடம் படிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இரண்டாவதில் வேகத்தை முடிவு செய்வது நாம் இல்லை.

முதல் சந்திப்பிலேயே "நீங்க ஓராங் லாவுட்டா?" என்று கேட்காதீர்கள். சிலர் பெருமையோடு ஆமாம் என்பார்கள். சிலர் குடும்பத்தில் அந்தப் பேச்சே எழுந்திருக்காது. கடல் மக்கள் என்றால் நாகரிகமற்றவர்கள் என்று ஏளனம் செய்யப்பட்ட காலம் ஒன்று உண்டு, அதனால் மறைத்தவர்களும் உண்டு. சிலர் எங்கள் தாத்தா ஜாவா என்பார்கள். அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் அவர். இவர் உண்மையான பூர்வகுடியா, கலப்பா என்று அளந்து பார்க்கும் வேலையை நமக்கு யாரும் கொடுக்கவில்லை. நம்மிடம் யாராவது "நீ என்ன ஆளு?" என்று கேட்டால் எப்படி இருக்கும்?

உங்கள் ஊரைப் பற்றி முதலில் சொல்லுங்கள். எங்கள் ஊரில் இப்படி மீன் பிடிப்போம், எங்கள் பாட்டி இப்படிக் கருவாடு போடுவார் என்று ஆரம்பித்தால், அந்தப் பக்கமிருந்து தானாக வரும். அப்புறம் வாயை மூடிக் கேளுங்கள். இதில் தமிழர்களாகிய நமக்குக் கொஞ்சம் பயிற்சி தேவை. அவர் ஒன்று சொன்னால் உடனே அது தமிழிலிருந்து வந்தது, இது எங்கள் சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது என்று நாம் இரண்டு சொல்லிவிடுகிறோம். மேலே நானே கெடாய், கப்பால் என்று அடுக்கினேன், ஒப்புக்கொள்கிறேன்.

பேச்சைப் பதிவு செய்வதானால் அனுமதி கேளுங்கள். படம் எடுப்பதானால் கேளுங்கள். வலைத்தளத்தில் போடுவதானால் அதற்குத் தனியாகக் கேளுங்கள். பாட்டியின் சமையல் குறிப்பு ஒரு குடும்பத்துச் சொத்து. உங்கள் யூடியூப் சேனலுக்கு உள்ளடக்கம் என்று பார்க்கத் தொடங்கினால் கெட்டது. உங்கள் அலுவலகத்திலோ சங்கத்திலோ பேச அழைத்தால் பேச்சுப்படி கொடுங்கள். தமிழ்ப் பேச்சாளருக்குப் பொன்னாடையும் உறையும் கொடுக்கிறோம், மலாய் மூதாட்டிக்கு மட்டும் "வாங்க, ஒரு அஞ்சு நிமிஷம் உங்க அனுபவத்தைச் சொல்லுங்க" என்கிறோம். ஒரு நிகழ்ச்சியில் இதை நேரில் பார்த்தேன். அந்த அம்மா பேருந்து பிடித்து வந்து, பேசிவிட்டு, பேருந்து பிடித்துப் போனார்.

நேரில் கேட்க ஆள் கிடைக்காவிட்டால் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் இருக்கின்றன. இணையத்திலேயே பலவற்றைக் கேட்கலாம். தீவுகளில் வளர்ந்தவர்கள் தங்கள் குரலில் பேசியவை.

படி 8: பிள்ளைகள்

பள்ளியில் ஜூலை 21 இன நல்லிணக்க நாள். 1964 இனக் கலவரங்களின் நினைவாக 1997இலிருந்து கொண்டாடுகிறார்கள். நம் பெண் பாஜு குரோங் போட்டுக்கொண்டு போவாள், மலாய்ப் பிள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வரும். அழகுதான். அன்று சாயங்காலம் பிள்ளையிடம், அந்த உடை யாருடையது, அவள் உன்னோடு தமிழில் ஒரு வார்த்தை பேசினாளா, நீ அவளோடு மலாயில் பேசினாயா என்று கேளுங்கள். உடையோடு நின்றுவிட்டால் மாறுவேடப் போட்டிதான்.

தாய்மொழிப் பாடமாகத் தமிழை விட வேண்டாம், அது வேறு விஷயம். உயர்நிலைப் பள்ளியில் மலாயை மூன்றாம் மொழியாக எடுக்கும் வாய்ப்பு இருக்கிறது, பள்ளியில் கேட்டுப் பாருங்கள். தேசிய கீதம் 'மாஜூலா சிங்கப்பூரா' மலாயில்தான் பாடப்படுகிறது, சுபிர் சைட் இயற்றியது. பிள்ளை மனப்பாடமாகப் பாடும். பொருள் கேட்டால் விழிக்கும். ஒரு நாள் உட்கார்ந்து வரிவரியாகச் சொல்லிக்கொடுங்கள், அல்லது பக்கத்து வீட்டு அபாங்கைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். மகன் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இங்கேயே வளர்ந்தால் தேசிய சேவை என்ற கட்டாயப் படைப்பயிற்சிக்குப் போவான். அணிவகுப்பில் வரும் கட்டளைகள் எல்லாம் மலாய்தான். சட்டைப்பையில் இருக்கும் இரண்டு வெள்ளி நோட்டில் சிரிப்பவர் முதல் அதிபர் யூசோஃப் இஷாக் என்பதையும் அப்படியே காட்டிவிடுங்கள்.

தப்பு நடந்தால்

நடக்கும். நடக்காமல் பழகவே முடியாது. தெரிந்த உடனே, சுருக்கமாக, மாஆஃப். நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை, எங்கள் ஊரில் இது சகஜம் என்று நீட்ட வேண்டாம். மன்னிப்பு கேட்கப் போய் அவர் உங்களைச் சமாதானப்படுத்தும்படி ஆகிவிடும். இனம், சமயம் பற்றிய வெறுப்புப் பேச்சுக்கு இந்த நாட்டில் கடுமையான சட்டங்கள் உண்டு, வாட்ஸ்அப் குழுவில் வரும் நகைச்சுவையை முன்னனுப்புவதற்கு முன் அதையும் நினைவில் வையுங்கள்.

தேக்காத் தம்பி போன வாரம் செய்தி அனுப்பியிருந்தார். மக்சிக்கின் பெயரைக் கேட்டுவிட்டாராம். மறுநாளே மக்சிக் கதவைத் தட்டி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு கொடுத்தாராம், இக்கான் பிலிஸ் என்ற நெத்திலியைத் தனியாகக் கட்டி. "டப்பாவை கழுவி வச்சிருக்கேண்ணே. இப்ப என்ன செய்யறது?" என்று கேட்டிருந்தார். ஹலால் முத்திரை பார்த்து ஒரு கடலை மிட்டாய்ப் பொட்டலம் வாங்கி அதற்குள் வைத்துக் கொடுங்கள் என்று பதில் போட்டேன்.